ரொட்டிக்கு வில்லை வேண்டாமா?

ஜனவரி 12

மாவுக்கை அக்காவுக்கு,

உன் மைக்கைத் தம்பி எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் கடவுள் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். போன கடிதத்தில் தொண்டைக் கட்டு என்று எழுதியிருந்தாயே, விட்டதா? மகள் ஊர்க் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா?

ஒரு வம்பில் மாட்டிக்கொண்டேன் அக்கா. வருகிற செப்டம்பரில் நம் திருச்சபைக்கு முப்பது வயது ஆகிறது. அதன் வரலாற்றை எழுதிப் புத்தகமாகப் போட வேண்டும் என்று பேரவையில் தீர்மானம் போட்டு, என் தலையில் கட்டிவிட்டார்கள். அச்சுக்கூடம் வைத்திருக்கிறவனுக்கு எழுதவும் தெரியும் என்று யார் சொன்னார்களோ! 'சுயாதீன பிரஸ்பிட்டேரியன் திருச்சபை' என்று அட்டையில் பெரிய எழுத்தில் போடப்போகிறேன். ஊர் வாயில் அது இன்னும் தனிச்சபைதான்.

முதல் அத்தியாயத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கிறேன். போதகரை யார் தேர்ந்தெடுப்பது என்று கடலுக்கு அப்பால் இருந்த மிஷன் வாரியத்துக்கும் இங்கிருந்த மூப்பர்களுக்கும் நடந்த சண்டையை எழுதிவிட்டேன். வாரியம் கோயில் கதவைப் பூட்டியதையும், நாங்கள் மூப்பர் ஒருவரின் கடிகாரக் கடை மாடியில் கூடியதையும் எழுதிவிட்டேன். அங்கே நடந்த முதல் திருவிருந்துப் பந்தியில்தான் சிக்கல். அந்த ரொட்டி உன் அடுப்பில் வெந்தது என்று எனக்குத் தெரியும். மாடிக்கு எப்படி வந்தது என்று தெரியாது, அன்றைக்கு நான் பெஞ்சு தூக்கிக்கொண்டிருந்தேன். கடிகார மூப்பரைக் கேட்டால், "ஒரு நலம்விரும்பி கொடுத்தாங்கன்னு போட்டுடுங்க, போதும்" என்கிறார். நலம்விரும்பியாம்! நீ நடந்ததை நடந்தபடி எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மைக்கை


பிப்ரவரி 3

என் மைக்கைக்கு,

அக்கா முத்தம் கொடுத்ததாக நினைத்துக்கொள். அடுப்பும் நானும் சூடாகத்தான் இருக்கிறோம். தொண்டை மட்டும் கொஞ்சம் சண்டித்தனம் செய்கிறது. ரொட்டி சுடுகிறவள் ரொட்டியைத் தொடாமல் சூப்பு குடிக்கிறாள் என்று என் மகள் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். உன் வயிற்றுப் புண் எப்படி? அச்சுக்கூடத்தில் நின்றபடி டீயைக் குடித்துவிட்டு அதையே சாப்பாடு என்று சொல்லாதே.

நலம்விரும்பி எழுதுகிறேன், கேட்டுக்கொள். உன் அத்தான் பழைய சபையில் மணியடிக்கிறவர். நாங்கள் குடியிருந்த வீடும் சபையின் வீடு. கதவைப் பூட்டு என்று வாரியத்துக்காரர்கள் சொன்னார்கள், அவர்தான் பூட்டினார். பூட்டிவிட்டு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, "ஞாயித்துக்கெழம அவங்க பந்திக்கு ரொட்டி யாரு சுடுவாங்க?" என்று சுவரிடம் கேட்டார். நான் எழுந்துபோய் மாவைப் பிசைந்தேன். விடிந்ததும் துணியில் சுற்றி அவரே எடுத்துக்கொண்டு போய், கடிகாரக் கடைப் பின்வாசலில் வைத்து, கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டார். அவ்வளவுதான்.

இன்னொன்றும் எழுதிக்கொள். முதல் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுப் பார்க்காமல் நான் எதையும் அடுப்படியை விட்டு அனுப்பியதில்லை. அன்றைக்கும் பார்த்தேன். ஆக, உன் சபையின் முதல் பந்தியில் முதலில் சாப்பிட்டவள் நானாக்கும்! போதகருக்கும் முந்தி.

தம்பி, ஒன்று கேட்கிறேன். உன் சபைப் பந்தியில் உன் பக்கத்தில் ஒரு தடவை உட்கார வேண்டும் போல் இருக்கிறது. முப்பது வருஷமாக இல்லாத ஆசை இப்போது என்ன என்று கேட்காதே. தோன்றியது, கேட்டுவிட்டேன். சீக்கிரம் என்றால் நல்லது.

அக்கா


மார்ச் 20

மாவுக்கைக்கு,

எல்லாரும் சௌக்கியம். வயிறு பரவாயில்லை. உன் தொண்டை இன்னுமா சரியாகவில்லை? உப்புத் தண்ணீரில் கொப்பளி.

அத்தான் கதையைப் படித்துவிட்டு அச்சுக்கூடத்து ஆட்கள் முன்னாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மை பட்டுவிட்டது, அரை நாள் கரடி போல் உட்கார்ந்திருந்தேன். யார் என்ன சொன்னாலும் அது அப்படியே புத்தகத்தில் வரும்.

நீ கேட்ட விஷயம். அக்கா, உனக்குத் தெரியாததா? பந்திக்கு முந்தின வாரம் மூப்பர்கள் வீடு வீடாகப் போய் விசாரித்து, தகுதி உள்ளவர்கள் கையில் ஒரு பித்தளை வில்லை கொடுப்பார்கள். அதைக் கொடுத்துவிட்டுத்தான் பந்தியில் உட்கார முடியும். பழைய சபைப் பந்தியில் கை நனைக்கிறவர்களுக்கு நம் வில்லை கிடையாது என்பது முதல் பேரவையில் போட்ட தீர்மானம். சும்மா போடவில்லை. நம் முதல் போதகர் இறந்தபோது அவர்கள் கல்லறைக் கதவைத் திறக்க மாட்டேன் என்றார்கள், பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றோம். அது பலருக்கு இன்னும் ஆறவில்லை. கடிகார மூப்பருக்குச் சுத்தமாக ஆறவில்லை. அவரிடம் பேச நேரம் காலம் பார்க்க வேண்டும். பார்க்கிறேன்.

ஆனால் ஒரு சந்தோஷம் சொல்கிறேன். செப்டம்பர் விழாப் பந்தியில் முதல் மேஜைக்கு ரொட்டி உன் கையால்தான் வர வேண்டும் என்று மூப்பர் சங்கத்தில் கேட்டேன். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். கடிகார மூப்பரே, "அவங்க ரொட்டின்னா சரிதான்" என்றார்! மாட்டேன் என்று சொல்லிவிடாதே.

தம்பி


ஏப்ரல் 2

மைக்கைக்கு,

இங்கே எல்லாம் வழக்கம் போல. நீ சொன்னபடி உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். தொண்டைக்கு உன் சொல் புரியவில்லை. பேரப்பிள்ளைகள் சுகம்தானே?

ஏன்டா, ரொட்டிக்கு வில்லை வேண்டாமா? மூப்பர் யாராவது வந்து அதை விசாரிக்க வேண்டாமா, எந்த சபை மாவு, எந்த சபை அடுப்பு என்று? நான் சுட்டது உள்ளே போகலாம், நான் போகக் கூடாது. நல்லா இருக்குடா உங்கள் நியாயம்! கோபம் இல்லை. சிரிப்புத்தான் வந்தது. ரொட்டி சுட்டுத் தருகிறேன், அதில் மாற்றம் இல்லை.

உங்கள் சபை வளர்ந்த கதையை நீ பேரவைக் குறிப்புகளைப் பார்த்து எழுதுகிறாய். நான் ரொட்டியை வைத்துப் பார்த்தேன். முதலில் ஒரு துணி மூட்டை. மறு வருஷம் கூடை வேண்டியிருந்தது. உன் அத்தான் தலையில் தூக்கிக்கொண்டு சந்து வழியாகப் போவார். அப்புறம் தள்ளுவண்டி. "இவங்க இப்படியே பெருகினா எனக்கு முதுகு போயிடும்" என்று முனகுவார், முகத்தில் பெருமை வழியும். ஒரு வருஷம் பின்வாசல் பூட்டியிருந்தது. தட்டினார், யாரும் திறக்கவில்லை. நீங்கள் தனியாக அடுப்பு வைத்துக்கொண்டீர்கள் என்று பிறகு தெரிந்தது. வண்டி நிறைய ரொட்டி. பத்து நாளில் தெரு நாய்களுக்குக்கூடச் சலித்துவிட்டது.

தனி என்றால் சொந்தக் காலில் நிற்பது என்று நீ மேடையில் பேசினாயாம், மகள் பத்திரிகையில் படித்துக் காட்டினாள். எனக்குத் தனி என்றால், அவர் போன பிறகு அந்த மணியடிக்கிறவர் வீடு.

மே மாதமும் உங்களுக்குப் பந்தி உண்டு அல்லவா? செப்டம்பர் ரொம்பத் தள்ளி இருக்கிறது தம்பி. மெல்லுவது, விழுங்குவது எல்லாம் இப்போது கொஞ்சம் தகராறு. பல் என்று வைத்துக்கொள்.

அக்கா


ஜூன் 30

அன்பு அக்காவுக்கு,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குத் திட்டிவிட்டு மேலே படி. உடம்பு எல்லாருக்கும் நலம். உன் பல் என்ன ஆயிற்று? பிடுங்கித் தொலைத்துவிடு, இருக்கிற வலியைச் சுமந்துகொண்டு திரியாதே.

மே மாதம் முழுக்கச் சுற்றினேன். புத்தகத்துக்காகச் சபை சபையாகப் போய்ப் பெரியவர்களைப் பார்த்தேன். கடிகாரக் கடை மாடியில் ஆரம்பித்தது எங்கெல்லாம் போயிருக்கிறது தெரியுமா! துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர்கள் கட்டிய கோயிலில் தூண்கள் எல்லாம் கப்பல் மரம். மலை மேல் ஒரு சபை, போதகர் வர முடியாத மழைக் காலத்தில் மூப்பர்களே முறை வைத்து வேதம் வாசிக்கிறார்கள். நமக்கென்று போதகர் பள்ளி, நம் அச்சுக்கூடம், நம் பாட்டுப் புத்தகம். யாரிடமும் கையேந்தவில்லை. அந்த மலைக் கோயிலில் உட்கார்ந்து அழுதேன் அக்கா, பெருமையில்.

உன் விஷயத்தை மே மாதம் எடுக்க முடியவில்லை. கடிகார மூப்பருக்கு அப்போது கண்ணில் அறுவை சிகிச்சை. ஆகஸ்ட் பேரவையில் முறைப்படி வைக்கிறேன். தனி ஆளுக்குச் சலுகை என்று இல்லாமல், தீர்மானத்தையே மாற்ற வேண்டும். ஒழுங்காகச் செய்தால்தான் நிற்கும். கொஞ்சம் பொறு.

தம்பி


ஜூலை 9

தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

மலைக் கோயிலைப் பற்றி எழுதியது நன்றாக இருந்தது. மகளை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னேன்.

பொறுக்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லை.

அக்கா


ஆகஸ்ட் 21

அக்கா! அக்கா! அக்கா!

சுகம் விசாரிப்பது அப்புறம். தீர்மானம் நிறைவேறிவிட்டது!

காலையில் வைத்தேன், மத்தியானம் வரை அடிதடிதான். "இன்னிக்கு பந்தியத் தொறந்தா நாளைக்கு வாரியம் வந்து உக்காரும்" என்று ஒருவர் கத்தினார். "நாம வெளிய வந்தது எதுக்கு? அடுத்தவங்க போட்ட பூட்ட நாமளும் போடறதுக்கா?" என்றேன். எனக்கே தெரியாது எனக்கு அவ்வளவு குரல் உண்டு என்று. பிறகு உன் கடிதத்தை எடுத்து அத்தான் ரொட்டி தூக்கிப் போனதை வாசித்தேன். கோபித்துக்கொள்ளாதே. பூட்டியிருந்த பின்வாசல் வரை வாசித்தேன். சபை அப்படியே உட்கார்ந்துவிட்டது. கடிகார மூப்பர் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பூட்டினது நாந்தான். உள்ளதான் நின்னேன். அவரு தட்டினது கேட்டுது" என்றார். கையைத் தூக்கினார். அவர் தூக்கியதும் எல்லாக் கையும் எழுந்தது.

இனி பழைய சபையில் நல்ல சாட்சியோடு இருக்கிறவர் யாரும் மூப்பர் கையால் வில்லை வாங்கிக்கொண்டு நம் பந்தியில் உட்காரலாம். இத்துடன் இருப்பது உன் வில்லை. கடிகார மூப்பர் உரசித் துடைத்துப் பளபளவென்று கொடுத்தார். விசாரணை உண்டா என்று கேட்டேன். "அவங்கள நா என்னத்த விசாரிக்கிறது" என்று கடைக்குள் போய்விட்டார்.

செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு. முதல் மேஜையில் என் வலப்பக்கம் உன் நாற்காலி. ரொட்டியையும் எடுத்துக்கொண்டு நீயும் வா. மகளையும் கூட்டிக்கொண்டு வா. உன் உடம்பு தேவலையா? பல் போயிற்றா?

தம்பி


செப்டம்பர் 5

என் மைக்கைக்கு,

வில்லை வந்தது. கையிலேயே வைத்திருக்கிறேன். சின்னதாக இருக்கிறது, இதற்கா இவ்வளவு பாடு!

ரொட்டியை வியாழக்கிழமை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். யாரையும் தொட விடமாட்டேன், பிசைவது முதல் எடுப்பது வரை நான்தான் செய்யப்போகிறேன். மேல் தோல் காய்ந்திருந்தால் ஈரத் துணி போட்டு வை.

நான் வரவில்லை தம்பி. கால் வீங்கியிருக்கிறது, அவ்வளவு தூரம் பஸ்ஸில் முடியாது. நாற்காலியை எடுத்துவிடு. இல்லை, இருக்கட்டும். உன் இஷ்டம்.

நன்றாகச் சாப்பிடு.

அக்கா


செப்டம்பர் 16

அக்காவுக்கு,

கால் எப்படி இருக்கிறது? இங்கே எல்லாருக்கும் நலம், எனக்கு மட்டும் மனசு சரியில்லை. ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

விழா அமோகமாக நடந்தது. மலைச் சபையார் பாடிக்கொண்டே வந்தார்கள். துறைமுகத்துக்காரர்கள் பந்தல் போட்டார்கள், உள்ளே நிற்க இடமில்லை. அத்தனை கூட்டத்திலும் என் வலப்பக்கம் ஒரு நாற்காலி காலி. உனக்காக முப்பது வருஷத் தீர்மானத்தைப் புரட்டிப் போட்டேன் அக்கா. கால் வீக்கம் என்று உப்புச் சப்பில்லாத ஒரு காரணத்தைச் சொல்லி நின்றுவிட்டாய்.

உப்பு என்றதும் அதையும் கேட்டுவிடுகிறேன். ரொட்டியில் உப்பே இல்லை! ஒரு கல் உப்புகூட இல்லை. முதல் மேஜையில் மூப்பர்கள் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இளம் போதகர் ஒருவர், "பழைய சபையில உப்புக்கும் பஞ்சமா?" என்று பின்னால் சிரித்தது என் காதில் விழுந்தது. ருசி பார்க்காமல் எதையும் அனுப்ப மாட்டேன் என்று நீதான் எழுதினாய், அதை அச்சிலும் ஏற்றிவிட்டேன். வேண்டுமென்றே செய்தாயா? இத்தனை வருஷம் வாசலில் நிறுத்தியதற்கு இப்படி ஒரு பதிலா? அப்படி என்றால் நேரே திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

நாளை மலைக்குப் போகிறேன். அங்கே புதிதாக இரண்டு சபைகள் தொடங்குகிறோம். வந்ததும் உன் பதிலைப் பார்க்கிறேன்.

தம்பி


அக்டோபர் 1

மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் அக்கா மகள் எழுதுகிறேன். நீங்கள் மலையிலிருந்து சுகமாகத் திரும்பியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். அச்சுக்கூடத்துக்கு அனுப்பிய தந்தி, நீங்கள் ஊரில் இல்லை, பூட்டியிருக்கிறது என்று திரும்பிவிட்டது. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை மாமா. அம்மா போய்விட்டார்கள்.

பல் இல்லை, கால் இல்லை. தொண்டையில் கட்டி. ஜனவரியிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். உங்களுக்கு எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார்கள். "எழுதினா அவன் இரக்கப்பட்டு வில்ல குடுப்பான். எனக்கு அது வேணாம்" என்றார்கள். பிப்ரவரியில் ரொட்டியை நனைத்துக் கொடுத்தால் மெதுவாக இறங்கும். மே வரைகூட ஒரு விள்ளல் இறங்கியது. ஜூலையில் தண்ணீரே கஷ்டம். மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள்.

கட்டியைக் கரைக்கக் கரண்ட் வைத்ததில் நாக்கு செத்துவிட்டது மாமா. எது இனிப்பு, எது உப்பு என்று எதுவும் தெரியாது. உங்கள் ரொட்டிக்கு மாவு பிசைந்த அன்று நின்றுகொண்டு செய்ய முடியவில்லை, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து செய்தார்கள். நான் ருசி பார்க்கிறேன் என்றேன். கையைத் தட்டிவிட்டார்கள். "இது நான் பாக்க வேண்டியது" என்று பேப்பரில் எழுதிக் காட்டினார்கள். அப்போது குரலும் இல்லை. முதல் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டு வெகுநேரம் வைத்திருந்தார்கள். விழுங்க முடியாமல் துணியில் துப்பினார்கள். நல்லா இருக்கு என்று தலையை ஆட்டினார்கள். நானும் அதோடு விட்டுவிட்டேன். நான் ஒரு விள்ளல் தின்று பார்த்திருக்க வேண்டும்.

உங்கள் கடைசிக் கடிதம் வந்தபோது அம்மா இருந்தார்கள். மறைக்கப் பார்த்தேன், உறையைப் பார்த்துவிட்டார்கள். வாசித்தேன். உப்பு இல்லை என்ற இடத்தில் நிறுத்தினேன், வாசி என்று கையைக் காட்டினார்கள். முழுதும் வாசித்தேன் மாமா. என்னை மன்னித்துவிடுங்கள். அவர்கள் சிரித்தார்கள். சத்தம் வரவில்லை, தோள் குலுங்கியது. பிறகு அழுதார்கள். பிறகு பென்சிலை வாங்கி, உங்களுக்கு எழுது என்று இதை எழுதிக் காட்டினார்கள்:

"உப்பு போட்டேன்னு நெனச்சேன். கோவம் இல்லடா. நீ சாப்பிட்டியா?"

இரண்டு நாள் கழித்துப் போய்விட்டார்கள். வில்லை தலையணைக்கு அடியில் இருந்தது. அதை உங்கள் சபைக்குத் திருப்பி அனுப்ப வேண்டுமா என்று தெரியவில்லை. சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்


அக்டோபர் 9

என் கண்ணுக்கு,

மாமா எழுதுகிறேன். நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? நான் சுகம் என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

உன்னிடம் மன்னிக்க ஒன்றும் இல்லை. வாசித்தவள் நீ, எழுதியவன் நான். சீக்கிரம் என்றால் நல்லது என்று அவள் பிப்ரவரியில் எழுதினாள். நான் பேரவையில் முறைப்படி வைக்கிறேன் என்று பதில் எழுதினேன். அவளுக்கு ஒரு விள்ளல் இறங்கிக்கொண்டிருந்த மாதத்தில் நான் மலைக் கோயிலில் உட்கார்ந்து பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கடிகார மூப்பரிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, ஒவ்வொரு செப்டம்பர் பந்திக்கும் இனி உப்பில்லாத ரொட்டி வைக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவருகிறேன் என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம் ஐயா" என்றேன். "இன்னும் முப்பது வருஷத்துல காரணம் மறந்துபோகும். உப்பு போட்டவளை வாசல்ல நிறுத்துவாங்க." அவர் கடையிலேயே உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன்.

வில்லையை அனுப்பாதே. மே மாதப் பந்திக்கு நீயே எடுத்துக்கொண்டு வா. எந்த விசாரணையும் கிடையாது. அது அவள் பெயரில் கொடுத்தது, உனக்குச் செல்லும். என் வலப்பக்கம் உட்கார். ரொட்டி சுட்டுக் கொண்டுவருவாய் என்றால் உப்புப் போட்டுச் சுடு, நீ ருசி பார்த்துவிட்டு அனுப்பு.

அவள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவள் படத்துக்கு முன்னால் நின்று இதை வாசித்துவிடு கண்ணு, சத்தமாக வாசி:

சாப்பிட்டேன் அக்கா. உப்பு இல்லைன்னு மட்டும் எழுதினேன், மெத்துன்னு இருந்துச்சுன்னு எழுதல. உன் பங்கையும் நான்தான் சாப்பிட்டேன்.

மைக்கை